‘நெபொ’: ஒரு தொல் ஸ்லாவியச் சொல்லின் பிறப்பும் வேற்றுமை வடிவங்களும்

ரஷ்ய மொழியில் வானம் ‘நெபொ’, வானங்கள் ‘நெபெஸா’. புதிதாக ரஷ்யன் படிப்பவர்கள் இந்த ஜோடியைப் பார்த்ததும் ‘எஸ்’ என்பது ஏதோ அபூர்வமான பன்மை விகுதி என்று குறித்துக்கொள்கிறார்கள். இணையத்தில் இன்னொரு கூட்டம் சமஸ்கிருத ‘நபஸ்’ஸைப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, ரஷ்யனே சமஸ்கிருதத்திலிருந்து பிறந்தது என்று தீர்ப்பெழுதிவிடுகிறது. இரண்டும் பிழை. இரண்டையும் திருத்த ஒரே இடத்துக்குப் போனால் போதும்: *நெபொ என்ற தொல் ஸ்லாவியப் பெயர்ச்சொல் வேற்றுமை ஏற்ற விதத்துக்கு. அங்கே பார்த்தால் ‘எஸ்’ சொல்லின் பழைய உடம்பாகவே இருக்கிறது. பன்மையில் எதுவும் கூடவில்லை. ஒருமையில்தான் ஒரு துண்டு காணாமல் போயிருக்கிறது.

உடுக்குறி எதற்கு?

ரஷ்யன், உக்ரேனியன், போலிஷ், செக், ஸ்லோவீன், செர்பியன், பல்கேரியன் முதலிய மொழிகளுக்குப் பொதுத் தாயாக இருந்த மொழியைத் தொல் ஸ்லாவியம் என்கிறோம். பொ.ஆ. முதல் ஆயிரமாண்டின் நடுப்பகுதியில் பேசப்பட்ட மொழி அது. அதை யாரும் எழுதி வைக்கவில்லை. மகள் மொழிகளின் சொற்களை வரிசையாக ஒப்பிட்டு, அவை எல்லாவற்றையும் ஒழுங்கான ஒலிமாற்றங்களால் விளக்கக்கூடிய ஒரு பழைய வடிவத்தைக் கணிக்கிறோம். இந்தக் கணிப்புக்கு மீட்டுருவாக்கம் என்று பெயர். அப்படிக் கணித்த வடிவத்தின் தலையில் உடுக்குறி (*) போடுவது வழக்கம். 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய மொழியியலாளர் அகஸ்ட் ஷ்லைஹர் இந்த வழக்கத்தைப் பரவலாக்கினார். தொல் திராவிட வடிவங்களுக்கு முன்னால் நம் மொழியியல் நூல்களில் வருவதும் இதே குறிதான்.

உடுக்குறி இருந்தால் அந்த வடிவம் ஏட்டிலோ கல்லிலோ கிடைக்கவில்லை என்று பொருள். ‘பழைய ஆவணத்தில் கண்டெடுத்த சொல்’ என்று இதை எடுத்துக்கொள்வது மிகப் பரவலான குழப்பம். இன்றைய மொழியின் இலக்கணத்தை விவரிக்கும் நூல்களில் பிழையான வாக்கியத்தின் முன்னும் இதே குறியைப் போடுகிறார்கள். அது வேறு கணக்கு.

அடுத்த குழப்பம், தொல் ஸ்லாவியத்தையும் பழைய சர்ச் ஸ்லாவோனிக்கையும் ஒன்றாக்குவது. 863இல் சிரில், மெத்தோடியஸ் என்ற சகோதரர்கள் மொராவியாவுக்கு மறைப்பணிக்குச் சென்றபோது, கிரேக்க மறைநூல்களை மொழிபெயர்க்க ஓர் எழுத்து மொழியை உருவாக்கினார்கள். அவர்கள் பிறந்த தெசலோனிக்கியைச் சுற்றிப் பேசப்பட்ட ஸ்லாவிய வட்டார வழக்குதான் அதற்கு அடிப்படை. இன்று கையில் இருக்கும் அதன் ஏடுகள் 10, 11ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. தாய்க்கு மிக நெருக்கமான மகள் அது, தாய் அல்ல. எழுதப்பட்டுக் கிடைத்திருப்பதால் அதன் சொற்களுக்கு உடுக்குறி கிடையாது.

இதுவரை: தொல் ஸ்லாவியம் எழுதப்படாத தாய். பழைய சர்ச் ஸ்லாவோனிக் எழுதப்பட்ட மூத்த மகள். *நெபொ என்பது கணித்த வடிவம்.

வாசிக்கும் முறை

தமிழ் எழுத்தில் சில ஒலிகளுக்கு இடமில்லை. இந்தக் கட்டுரையின் ஸ்லாவிய வடிவங்களில் நெபொவின் ‘ப’வைக் ‘கம்பு’ என்பதில் வருவதுபோல அதிர்வோடு சொல்ல வேண்டும். தொல் ஸ்லாவியத்தில் இரண்டு மிகக் குறுகிய உயிர்கள் இருந்தன. ஒன்று இகரத்தின் தேய்வு, மற்றொன்று உகரத்தின் தேய்வு. குற்றியலிகரமும் குற்றியலுகரமும் தெரிந்த தமிழருக்கு இதைப் புரிந்துகொள்ள அதிக நேரம் ஆகாது. வடிவங்களில் குறிலாக வரும் இ, உ இந்தக் குறுகிய உயிர்களைக் குறிக்கும். நெடிலாக வரும் ஈ முழு இகரம். ‘ஹ’ தொண்டைக்கு மேலே உரசி வரும் ஒலி.

மரம், மரத்தை

தமிழில் ‘மரம்’ என்ற சொல்லோடு ஐ சேர்ந்தால் ‘மரமை’ ஆவதில்லை, ‘மரத்தை’ ஆகிறது. மரத்தால், மரத்துக்கு, மரத்தில் என்று எல்லாவற்றிலும் ‘த்து’ நிற்கிறது. எழுவாயில் மட்டும் இல்லை. நாம் இதைச் சாரியை என்று பள்ளியில் படித்து மறந்திருப்போம். தனியாக நிற்கும்போது சொல் ஒரு முகம் காட்டுகிறது, உருபு ஏற்கும்போது வேறொரு முகம் காட்டுகிறது. உருபு ஏற்கத் தயாராக நிற்கும் அந்த முகத்தை இனி ‘அடி’ என்று சொல்வோம்.

*நெபொவிலும் நிலைமை இதுதான். எழுவாயில் நெபொ, உருபேற்கும் அடி ‘நெபெஸ்-’. உருபுகள் இந்த அடியின் மீதுதான் ஏறுகின்றன. அடி ஸகர மெய்யில் முடிவதால் இத்தகைய பெயர்களை ஸகர அடிப் பெயர்கள் என்பார்கள்.

இரு மொழிகளுக்கும் இதில் உறவு எதுவும் இல்லை, இயங்கும் முறையில்தான் ஒற்றுமை. ஒரு வேறுபாட்டையும் குறித்துக்கொள்ளலாம்: தமிழில் பன்மைக்குப் போனதும் ‘த்து’ விலகிவிடும் (மரங்களை). தொல் ஸ்லாவியத்தில் ‘எஸ்’ பன்மையிலும் விடாமல் நிற்கும்.

மகள் மொழிகளை வரிசையில் வைத்தால்

‘எஸ்’ பழையது என்று எப்படித் தெரியும்? வரிசையைப் பாருங்கள். ரஷ்யன் நெபொ, பன்மை நெபெஸா. செக் நெபெ, பன்மை நெபெஸா. பல்கேரியன் நெபெ, நெபெஸா. ஸ்லோவீன், செர்பியன் இரண்டிலும் நெபொ, நெபெஸா. போலிஷ் மட்டும் நியெபொ, நியெபியொஸா என்று சற்று விலகி நிற்கிறது.

அவசரப்பட்டால் ‘ஆறு மொழி சாட்சி சொல்கிறது, வேலை முடிந்தது’ என்று எழுந்துவிடலாம். ஆனால் சாட்சிகள் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியிருக்கக் கூடாது. ரஷ்யனில் ‘நெபொ’ சர்ச் ஸ்லாவோனிக் உச்சரிப்பின் நிழலில் வளர்ந்த சொல். ரஷ்ய ஒலிவிதிப்படி அழுத்தம் ஏறிய எகரம், வன்மையான (அதாவது இகரச் சாயல் ஏறாத) மெய்யின் முன் ஒகரமாகி ‘நியோபொ’ என்று ஆகியிருக்க வேண்டும். ஆகவும் செய்தது: ரஷ்யனில் ‘நியோபொ’ என்றால் மேல்வாய், அண்ணம். வீட்டில் பேசிய வடிவம் வாய்க்குள் தங்கிவிட்டது, கோவிலில் கேட்ட வடிவம் வானத்துக்குப் போய்விட்டது. எனவே ரஷ்ய ‘நெபெஸா’வைத் தனிச் சாட்சியாக எடுப்பதில் தயக்கம் வேண்டும்.

இங்கேதான் விலகி நின்ற போலிஷ் உதவுகிறது. பழைய போலிஷில் எகரம், பல்லொலிகளான த, ஸ, ந முதலியவற்றின் வன்மையான வடிவத்துக்கு முன் ஒகரமாகியது. நியெபியொஸாவில் ஸகரம் வன்மையானது, ஆகவே அதன் முன் ‘ஒ’. முதல் அசையில் அடுத்து வருவது இதழொலி, ஆகவே அங்கே எகரம் அசையவில்லை. போலிஷ் ஜெபத்தின் பழைய வாசகத்தில் ‘பரலோகத்தில்’ என்பதற்கு ‘நியெபியெஸியெஹ்’ என்று வரும். அங்கே ஸகரம் மென்மையானது, அதனால் எகரம் அப்படியே இருக்கிறது. உள்ளூர் ஒலிமாற்றத்துக்குள் இப்படி ஒழுங்காக விழுந்த சொல்லை, பின்னாளில் ஏட்டிலிருந்து பெயர்த்தெடுத்த கடன் என்று சொல்ல முடியாது.

இன்னொரு சாட்சி பெயரடைகளில் இருக்கிறது. போலிஷில் நீல நிறத்துக்கு அன்றாடச் சொல் ‘நியெபியெஸ்கி’. வானத்தைச் சேர்ந்தது என்பதுதான் மூலப்பொருள். ரஷ்யனில் ‘நெபெஸ்னி’ என்றால் வானத்துக்குரியது. இவை ஒருமையும் அல்ல, பன்மையும் அல்ல. ஆனாலும் ‘எஸ்’ இருக்கிறது. பன்மை விகுதி என்ற கருத்து இந்த இடத்தில் உடைகிறது.

வேற்றுமை வடிவங்கள்

தொல் ஸ்லாவியத்தில் ஏழு வேற்றுமைகள், மூன்று எண்கள், மூன்று பால்கள். *நெபொ நபும்சகப் பால். நபும்சகத்தில் முதல் வேற்றுமைக்கும் இரண்டாம் வேற்றுமைக்கும் ஒரே வடிவம். சமஸ்கிருதத்திலும் லத்தீனிலும் இதே விதி. ஒருமையில் விளியும் அதே நெபொதான்.

ஒருமை:
வானம், வானத்தை: நெபொ
வானத்தின்: நெபெஸெ
வானத்துக்கு: நெபெஸீ
வானத்தால்: நெபெஸிமி
வானத்தில்: நெபெஸெ

பன்மை:
வானங்கள், வானங்களை: நெபெஸா
வானங்களின்: நெபெஸு
வானங்களுக்கு: நெபெஸிமு
வானங்களால்: நெபெஸூ (ஊகாரத்தை உதடு குவிக்காமல் சொல்ல வேண்டும்)
வானங்களில்: நெபெஸிஹு

நம் ஐந்தாம் வேற்றுமைக்கு (நீங்கல்) இங்கே தனி இடம் இல்லை. ஸ்லாவியம், சமஸ்கிருதம், கிரேக்கம், லத்தீன் முதலியவற்றுக்குப் பொதுத் தாயான தொல் இந்தோ-ஐரோப்பியத்தில் அது இருந்தது. ஸ்லாவியத்தில் ஆறாம் வேற்றுமை அதை விழுங்கிவிட்டது. ‘வானத்திலிருந்து’ என்று சொல்ல ஒரு முன்னிடைச்சொல்லைச் சேர்த்து ‘ஸு நெபெஸெ’ என்பார்கள்.

மூன்றாவது எண் இருமை. இரண்டு வானங்கள் என்றால் நெபெஸே. இரண்டு வானத்தை வைத்துக்கொண்டு யார் என்ன செய்வார்கள் என்று கேட்கலாம். கண், காது, கை போன்ற சொற்களில்தான் இருமைக்கு நிஜமான வேலை. ஆனாலும் அமைப்பு என்று ஒன்று இருந்தால் ஒவ்வொரு பெயருக்கும் அந்தக் கட்டம் நிரம்பும். ஸ்லோவீன் இன்றும் இருமையைக் காப்பாற்றி வைத்திருக்கிறது.

அட்டவணையைக் கண்ணால் ஒருமுறை மேலிருந்து கீழே ஓட்டினால் போதும். ‘எஸ்’ இல்லாத இடம் ஒன்றே ஒன்று: ஒருமையில் முதல், இரண்டாம் வேற்றுமைகளும் விளியும் பங்குபோட்டுக்கொள்ளும் அந்த நெபொ.

பழைய சர்ச் ஸ்லாவோனிக் ஏடுகளில் இந்த வடிவங்கள் எழுத்திலேயே கிடைக்கின்றன. ‘பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே’ என்ற ஜெபத்தில் ‘பரமண்டலங்களில்’ என்ற இடத்தில் வருவது ‘நா நெபெஸிஹு’. தமிழ் வாசகமும் பன்மையில் இருப்பதைக் கவனியுங்கள். இரண்டுக்கும் பின்னால் இருப்பது மத்தேயு நற்செய்தியின் கிரேக்க மூலம். அதில் வானம் பன்மையில் வருகிறது.

இன்னும் பின்னே போனால்: *நெப்ஹொஸ்

ஸ்லாவியத்துக்கு வெளியே உறவுகளைத் தேடினால் கிடைப்பவை: சமஸ்கிருதம் நபஸ் (மூடுபனி, மேகம், வானம்), கிரேக்கம் நெஃபொஸ் (மேகம்), லத்தீன் நெபுலா (மூடுபனி), ஜெர்மன் நேபல் (மூடுபனி), ஹிட்டைட் நேபிஸ் (வானம்). தமிழ் அகராதிகளில் வானம் என்ற பொருளில் வரும் ‘நபம்’ இந்தச் சமஸ்கிருதச் சொல்லின் கடன். இந்திய விமானப்படையின் முத்திரை வாசகமான ‘நப: ஸ்ப்ருசம் தீப்தம்’ (கீதை 11:24) தொடங்குவதும் இந்தச் சொல்லில்தான்.

ஹிட்டைட் சாட்சிக்குத் தனி மதிப்பு உண்டு. துருக்கியில் தோண்டி எடுத்த களிமண் பலகைகளில் பொ.ஆ.மு. இரண்டாம் ஆயிரமாண்டில் எழுதப்பட்ட மொழி அது. அது இந்தோ-ஐரோப்பிய மொழி என்று 1915இல் நிறுவியவர் பெட்ரிஹ் ஹ்ரோஸ்னி, ஒரு செக். அவர் தாய்மொழியில் வானம் ‘நெபெ’.

இவற்றை வைத்துக் கணித்த தொல் இந்தோ-ஐரோப்பிய வடிவம் *நெப்ஹொஸ். உருபேற்கும் அடி *நெப்ஹெஸ்-. விகுதியின் உயிர் ஓரிடத்தில் ‘ஒஸ்’ என்றும் மற்ற இடங்களில் ‘எஸ்’ என்றும் மாறுவதைக் கவனியுங்கள். சொல்லுக்குள்ளேயே உயிர் இப்படி ஒழுங்கு முறையில் மாறுவதை உயிர்த்திரிபு என்பார்கள். லத்தீனில் இதே வகைச் சொல் ஒன்று பலருக்கும் தெரிந்திருக்கும்: கெனுஸ் (இனம்), ஆறாம் வேற்றுமையில் கெனெரிஸ். லத்தீனில் இரண்டு உயிர்களுக்கு நடுவே வந்த ஸகரம் ரகரமாகிவிட்டது, ஆகவே ‘எஸ்’ அங்கே ‘எர்’ என்று வேடம் போட்டிருக்கிறது. சமஸ்கிருதத்தில் நம் காதுக்குப் பழகியது மனஸ்: ‘மனஸா வாசா’ என்பதில் மனஸா மூன்றாம் வேற்றுமை, மனஸ் அடியில் ஆ சேர்ந்தது. பேச்சுத் தமிழ் ‘மனசு’வில் இருக்கும் சகரம், நெபெஸாவில் இருக்கும் ஸகரத்துக்கு விகுதி வழி உறவு.

*நெப்ஹொஸ் எப்படி நெபொ ஆனது? முதலில் ‘ப்ஹ’ மூச்சை இழந்து வெறும் அதிர்வுள்ள பகரமானது. பால்டிக் (லிதுவேனியன், லாட்வியன்), ஸ்லாவிய மொழிகள் இரண்டிலும் இப்படித்தான். பிறகு சொல்லின் இறுதி மெய் உதிர்ந்தது. தொல் ஸ்லாவியத்தில் ஒவ்வோர் அசையும் உயிரில் முடிய வேண்டும் என்ற போக்கு வலுத்தது. சொல் இறுதி மெய்கள் எல்லாம் போயின. நெபொஸின் ஸகரம் சொல்லின் கடைசியில் நின்றதால் விழுந்தது. நெபெஸெவின் ஸகரத்துக்குப் பின்னால் உயிர் இருந்ததால் பிழைத்தது. ஒருமையில் காணாமல் போன துண்டின் கதை இவ்வளவுதான்.

ஒரு முடிச்சு இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. ஆண்பால் பெயர்களிலும் எழுவாய் ‘ஒஸ்’ என்றே முடிந்தது. ஓநாய் என்ற சொல்: சமஸ்கிருதம் வ்ருகஸ் (வீமனுக்கு விருகோதரன் என்று பெயர் தந்த சொல்), தொல் ஸ்லாவியம் *வில்கு. அங்கே ஒஸ் குறுகிய உகரமாகத் தேய்ந்தது. அப்படியானால் வானமும் ‘நெபு’ ஆகியிருக்க வேண்டுமே? அறிஞர்களிடையே நீண்டகாலமாக வாதம் நடக்கும் இடம் இது. பெரிதும் சொல்லப்படும் விடை: ‘அது’ என்று பொருள்படும் நபும்சகச் சுட்டுப்பெயர் *தொ ஒகரத்தில் முடிந்தது, அதைப் பார்த்து நபும்சகப் பெயர்களும் ஒகரத்தைப் பிடித்துக்கொண்டன. எனக்கும் இதுவே பொருத்தமாகப் படுகிறது. ஆனால் ஒலிவிதியாலேயே விளக்க முயல்பவர்களும் இருக்கிறார்கள்.

இதுவரை: பழைய சொல் நெப்ஹொஸ், அடி நெப்ஹெஸ்-. இறுதி மெய் விழுந்ததால் எழுவாய் நெபொ. நடுவில் நின்ற ஸகரம் மற்ற எல்லா இடத்திலும் தங்கியது.

நபோவும் நெபொவும்: ஒரு கண்கட்டு

‘நபோமண்டலம்’ என்பதில் ‘நபோ’, ரஷ்யனில் ‘நெபொ’. இணையப் பதிவுகளுக்கு இதைவிட ருசியான தீனி கிடையாது. ஆனால் இரண்டு ஓகாரங்களும் வேறு வேறு வழியில் வந்தவை. சமஸ்கிருதத்தில் ‘அஸ்’ என்று முடியும் சொல், அதிர்வுள்ள மெய்யின் முன் ‘ஓ’ ஆகும், இது சந்தி. மனஸ் + ஹரம் மனோஹரம் ஆவதும் அதனால்தான். அதிர்வில்லாத ஒலியின் முன்பு அந்த ஓகாரம் வராது, மேலே பார்த்த ‘நப: ஸ்ப்ருசம்’ போல. ஸ்லாவியத்தில் சந்தி எதுவும் இல்லை. எந்த ஒலி பின்னால் வந்தாலும் நெபொ நெபொதான்.

சமஸ்கிருதத்திலிருந்து ஸ்லாவியம் வந்திருந்தால் இன்னொரு சிக்கலும் எழும். சமஸ்கிருதத்தில் பழைய எ, ஒ, அ மூன்றும் ஒரே அகரமாகக் கலந்துவிட்டன: ந-ப-ஸ். கலந்தபின் எது எதுவாக இருந்தது என்று பிரித்தெடுக்க முடியாது. ஸ்லாவியமோ முதல் அசையில் எகரம், இரண்டாவதில் ஒருமையில் ஒகரம், உருபுகளின் முன் எகரம் என்று சரியாகப் பிரித்து வைத்திருக்கிறது. கிரேக்க நெஃபொஸும் அதை அப்படியே உறுதிப்படுத்துகிறது. ஆகவே இருவரும் உடன்பிறந்தவர்கள். ஒருவர் மற்றவருக்குப் பெற்றவர் அல்லர்.

ஒரே சொல்லில் ஸகரமும் ஹகரமும்

நெபெஸிஹு என்ற ஏழாம் வேற்றுமைப் பன்மையை மட்டும் தனியாக எடுத்துப் பார்ப்பது பலனுள்ளது. இதில் உருபு ‘ஹு’. அதன் பழைய வடிவம் *ஸு. சமஸ்கிருதத்திலும் ஏழாம் வேற்றுமைப் பன்மை உருபு ஸு. ஆனால் ‘கார்யேஷு தாஸீ, கரணேஷு மந்த்ரீ’ என்று நாம் கேட்டுப் பழகிய வரியில் அது ‘ஷு’வாக இருக்கிறது. காரணம், இ, உ, ர, க ஆகிய ஒலிகளுக்குப் பின் வந்த ஸகரம் திரிந்தது. சமஸ்கிருதத்தில் அது ஷகரமாகியது (கார்யேஷுவின் ஏகாரம் பழைய ‘அஇ’, அதனால் இகரக் கணக்கில் சேரும்), ஸ்லாவியத்தில் ஹகரமாகியது. இந்த நான்கு ஒலிகளையும் சேர்த்து ‘ருகி விதி’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

இப்போது நெபெஸிஹுவைப் பிரியுங்கள்: நெபெஸ் + இ + ஹு. முதல் ஸகரம் எகரத்துக்குப் பின்னால் நிற்கிறது. ருகிப் பட்டியலில் எகரம் இல்லை. எனவே ஸகரமாகவே இருந்தது. இரண்டாவது இகரத்துக்குப் பின்னால் நிற்கிறது, எனவே ஹகரமானது. ஒரே சொல்லுக்குள் விதி வேலை செய்த இடமும் செய்யாத இடமும் அடுத்தடுத்து இருக்கின்றன. மீட்டுருவாக்கம் வெறும் ஊகம் என்பவர்களுக்குக் காட்ட இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தோன்றவில்லை.

நடுவில் இருக்கும் ‘இ’ எங்கிருந்து வந்தது? மெய்யில் முடியும் அடியோடு மெய்யில் தொடங்கும் உருபு மோதும்போது உச்சரிப்பு இடறும். இகரத்தில் முடியும் பெயர்களில் அந்தச் சிக்கல் இல்லை. அவற்றைப் பார்த்து மெய்யடிப் பெயர்களும் இகரத்தை இடையில் வாங்கிக்கொண்டன. ஒரு வகைச் சொல் இன்னொரு வகையைப் பார்த்துத் தன்னை மாற்றிக்கொள்வதற்கு ஒப்புமையாக்கம் என்று பெயர். மேலே *தொ செய்ததும் இதுவே. கீழே இதுவே நெபொவின் அமைப்பைக் கலைக்கப் போகிறது.

மேகம் வானமானது

பொருள் நகர்ந்த கதை சுருக்கமானது. பழைய பொருள் மூடுபனி, மேகம் என்ற பக்கம்தான் இருந்திருக்க வேண்டும். கிரேக்கம், லத்தீன், ஜெர்மன் எல்லாம் அங்கேயே நிற்கின்றன. மேகம் மூடிய மேற்பரப்பிலிருந்து வானம் முழுமைக்கும் சொல் விரிந்தது. ஸ்லாவியத்தின் நெருங்கிய உறவான பால்டிக்கில் இரண்டு நிலையும் இருக்கின்றன: லிதுவேனியன் ‘தெபெஸிஸ்’ மேகம், லாட்வியன் ‘தெபெஸ்’ வானம். இரண்டிலும் ‘எஸ்’ இருப்பதைப் பாருங்கள். முதலெழுத்து நகரத்துக்குப் பதில் அதிர்வுள்ள தகரமாக இருப்பது ஒழுங்கான ஒலிமாற்றம் அல்ல; வேறொரு சொல்லின் பாதிப்பு என்றே கருதுகிறார்கள்.

நெபொ வானத்துக்குப் போனதும் ஸ்லாவியத்தில் மேகத்துக்குப் புதுச்சொல் வந்தது: ‘சுற்றிப் போர்த்துவது’ என்ற பொருளில் அமைந்த *ஒபொல்கு. ரஷ்யன் ஒப்லகொ, ஸ்லோவீன் ஒப்லாக் அதன் வழிவந்தவை.

அமைப்பு எப்படிக் கலைந்தது

ஸகர அடிப் பெயர்கள் தொல் ஸ்லாவியத்திலேயே சிறிய கூட்டம். எதிரே ஒகரத்தில் முடியும் நபும்சகப் பெயர்களின் பெருங்கூட்டம்: *செலொ (வயல், ஊர்) போல. செலொவின் ஆறாம் வேற்றுமை செலா, நான்காம் வேற்றுமை செலூ (இங்கே ஊ முழு உகரம்). அடி மாறுவதே இல்லை. எழுவாயில் நெபொவும் செலொவும் ஒரே மாதிரி ஒலித்தன. பேசுபவருக்கு எழுவாய்தான் முதலில் காதில் விழுவது. அதைக் கேட்டு செலொ, செலா என்ற பழக்கத்தில் நெபொ, நெபா என்று சொன்னார்கள். பழைய சர்ச் ஸ்லாவோனிக் ஏடுகளிலேயே இவ்வகைப் பெயர்கள் பழைய உருபோடும் புதிய உருபோடும் கலந்து வருகின்றன.

இன்று ரஷ்யன், போலிஷ், செர்பியன், ஸ்லோவீன் எல்லாவற்றிலும் ‘வானத்தின்’ என்பதற்கு எஸ் இல்லாத வடிவம்தான். ஒருமையில் எஸ் முழுக்க உதிர்ந்தது, பன்மையில் மட்டும் தங்கியது. தொடக்கநிலை மாணவருக்கு அது பன்மை விகுதியாகத் தோன்றுவது இதனால்தான்.

பன்மையில் ஏன் தங்கியது? வானத்தைப் பன்மையில் சொல்ல வேண்டிய தேவை யாருக்கு, எப்போது வருகிறது என்று பாருங்கள்: ஜெபத்தில், வேதத்தில். எல்லோரும் தினமும் ஒரே வாசகமாகச் சொன்னதால் பழைய வடிவம் உறைந்தது. ரஷ்யனில் இப்படிப் பன்மையில் எஸ் காத்த இன்னொரு சொல் ‘சூதொ’ (அற்புதம்), பன்மை ‘சூதெஸா’. அதுவும் மறைநூலில் அடிக்கடி வரும் சொல். மாறாக ‘ஸ்லொவொ’ (சொல்) அன்றாடச் சொல்லாக இருந்ததால் பன்மையில் ‘ஸ்லொவா’ ஆகிவிட்டது. பழைய அடி ‘ஸ்லொவெஸ்னி’ (சொல்சார்ந்த) என்ற பெயரடையில் ஒளிந்திருக்கிறது. உடலுக்கான ‘தெலொ’வின் பழைய பன்மை ‘தெலெஸா’ ரஷ்யனில் இன்று பருத்த உடம்பைக் கிண்டல் செய்ய மட்டுமே பயன்படுகிறது.

நெபெஸு என்ற ஆறாம் வேற்றுமைப் பன்மையின் இறுதிக் குறுகிய உகரமும் பின்னாளில் ஒலியே இல்லாமல் மறைந்தது. ஆகவே இன்றைய ரஷ்யனில் ‘வானங்களின்’ என்றால் ‘நெபெஸ்’. உருபு இல்லாததுபோலத் தெரியும் இந்த வடிவத்தில், அடி அம்மணமாக நிற்கிறது.

வேறு சொற்களில் சோதிக்க

சக்கரம்: தொல் ஸ்லாவியம் *கொலொ, அடி கொலெஸ்-. ஸ்லோவீனில் இன்றும் ஒருமையிலேயே பழைய முறை: கொலோ, ‘சக்கரத்தின்’ கொலெஸா. ரஷ்யனில் எதிர்த்திசையில் ஒப்புமையாக்கம் நடந்தது. அடியே எழுவாயின் இடத்தைப் பிடித்து, சக்கரம் ‘கொலெஸொ’ ஆகிவிட்டது. வானத்தில் எழுவாய் வென்றது, சக்கரத்தில் அடி வென்றது. இதில் எது நடக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல விதி கிடையாது.

எஸ் தெரிந்த இடத்தில் எல்லாம் பழைய ஸகர அடி என்று முடிவுகட்டவும் கூடாது. ஸ்லோவீனில் இறகு ‘பெரொ’, ‘இறகின்’ என்பதற்குப் ‘பெரெஸா’. அந்தச் சொல் தொல் ஸ்லாவியத்தில் செலொவின் கூட்டத்தைச் சேர்ந்தது. எஸ் பின்னாளில் கொலெஸா போன்றவற்றைப் பார்த்து ஒட்டிக்கொண்டது. இதைப் பிரித்தறிய மூன்று கேள்விகள் போதும். மற்ற ஸ்லாவிய மொழிகளில் அந்தச் சொல்லில் எஸ் இருக்கிறதா? அதிலிருந்து பிறந்த பழைய பெயரடையில் இருக்கிறதா? சமஸ்கிருதம், கிரேக்கம், லத்தீன், பால்டிக் உறவுகளில் ஸகர விகுதி தென்படுகிறதா? நெபொ மூன்றிலும் தேறுகிறது. பெரொ முதல் கேள்வியிலேயே நின்றுவிடுகிறது: ரஷ்யனில் இறகின் பன்மை ‘பேரியா’, செக்கில் ‘பெரா’.